முப்பத்தொன்றாவது கிளிக்

என் வேலை பொய் எழுதுவது.
சம்பள ரசீதில் வேறு பேர் போட்டிருக்கிறார்கள்,
தகவல் பாதுகாப்பு இளநிலை ஆய்வாளர் என்று.
மூக்கனேரிக் கரையில் புழு கோர்க்கிறவனைக் கேட்டால்
ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான்.

அஸ்தம்பட்டியில் மூன்றாவது மாடி.
கீழே தட்டுவடை செட் கடை,
மேலே நாங்கள் ஆறு பேர், ஒரு ஏசி.
ஜவ்வரிசி ஆலைகளும் நூல் மில்களும்
காசு கொடுத்துக் கேட்கின்றன:
எங்கள் ஆட்களை ஏமாற்றிக் காட்டுங்கள்.
திருடன் வருமுன்னே ஒருமுறை
நாங்கள் வருகிறோம்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பார்சல் வந்திருக்கிறது என்று ஒரு மெயில் எழுதினேன்.
"இதுக்கு யார் விழுவா?" என்றாள் ரிஸ்வானா.
"எங்க வலிக்குமோ அங்க தொடு."

எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.
பதினெட்டாயிரத்து நானூறு.
பனங்காட்டில் அம்மா
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துச் சேர்த்தது.
கருப்பூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம்,
"ஸ்காலர்ஷிப் வந்திருக்கும்மா, நம்பர் சொல்லும்மா."
அந்தக் குரலில் அவசரமே இல்லை.
ஓடிபியின் ஆறு எண்களையும்
நிறுத்தி, தெளிவாக,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி
நானேதான் படித்துக் காட்டினேன்.

"படிச்ச பொண்ணு" என்றது தெரு.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
அடகுக் கடைக்குப் போய்விட்டு வந்து உலை வைத்தாள்.
நான் அந்தக் குறுஞ்செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல் நிற்க வேண்டிய இடத்தில்
ஒன்று நின்றுகொண்டிருந்தது.
ஒரு கோடு. அவ்வளவுதான்.
அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான்
நான் இந்தப் படிப்புக்குள் இறங்கினேன்.

ஆகவே எழுதினேன்:
ஊழியர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை,
இன்றே கடைசி நாள், இங்கே அழுத்தவும்.
எல்லுக்குப் பதில் ஒன்று போட்டேன்.
அப்போது கை கூசவில்லை.

இரவு திரையில் ஒவ்வொருவராய் விழுந்தார்கள்.
கணக்குப் பிரிவு. மருந்தகம்.
நிர்வாகி ஒருவர் இரண்டு முறை,
அதற்கு மட்டும் சிரித்தோம்.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டுச் சாலையில்
ஏதோ ஒரு வண்டி தனியாக ஏறிக்கொண்டிருந்தது,
ஒரு வளைவில் அணைந்து
அடுத்த வளைவில் எரிந்து.

மூன்று பன்னிரண்டுக்கு முப்பத்தொன்றாவது கிளிக்:
எஸ். ஜெசிந்தா, இரண்டாம் தளம், நைட் டியூட்டி.
பெயர் போட்டாள்.
பாஸ்வேர்டும் போட்டாள், அதை நாங்கள் சேமிப்பதில்லை.
கடைசியில் ஒரு காலிக் கட்டம்,
'வேறு ஏதேனும் விவரம்',
பார்க்க நிஜமாக இருக்கட்டும் என்று நான் வைத்தது.
அதில் எழுதியிருந்தாள்:
"மகள் பன்னிரண்டாவது. கம்ப்யூட்டர்தான் படிப்பேன்கிறாள்.
நாகலூரிலிருந்து தினம் வந்து போக முடியாது.
ஹாஸ்டல் கிடைக்குமா?"

பிறகு அவளுக்கு அந்தச் சிவப்புப் பக்கம் வந்திருக்கும்:
இது பயிற்சி. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்.

"பதினஞ்சு பர்சென்ட், நல்ல ரிசல்ட்"
என்று ரிஸ்வானா டீ வைத்துவிட்டுப் போனாள்.
டீ ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் விதியை மீறி, என் சொந்தப் பெயரில்,
பொய் கலக்காமல் ஒரு மெயில்.
அந்த உதவித்தொகை இல்லை, அதை எழுதியது நான்.
பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள்.
ஹாஸ்டல் உண்டு.
விண்ணப்பத்துக்கு லிங்க் தரமாட்டேன்,
கல்லூரி முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்,
ஒவ்வொரு எழுத்தாக.
பதினேழு வயதில் நானும் விழுந்தேன்.

நான்கு ஐந்துக்குப் பதில் வந்தது,
அவளிடமிருந்து அல்ல, சிஸ்டத்திலிருந்து:
எஸ். ஜெசிந்தா இந்த மின்னஞ்சலைச்
சந்தேகத்துக்குரியது எனப் புகார் செய்துள்ளார்.

நான் எழுதியதிலேயே உண்மையான ஒன்றை.

சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல,
ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள்.
ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறுவது ஏழரைக்கு.
ஐடி கார்டைக் கழுத்திலேயே விட்டேன்.
நேரில் போனாலும்
கேட்கத்தானே போகிறாள்,
நீ யார் என்று.